தரவரிசை சான் டியாகோ என்கிறது, மகள் ஃபேர்பேங்க்ஸ் என்கிறாள்: எங்கே அனுப்புவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சான் டியாகோவில் வசிக்கிறீர்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். புவி அறிவியலில் ஆர்வம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ, அர்வைன் ஆகிய இரண்டு வளாகங்களிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது, இன்னொன்று காரில் போய் வரக்கூடிய தொலைவு. இரண்டும் தரவரிசையில் உயரத்தில் இருப்பவை. அவளோ அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபேர்பேங்க்ஸ் வளாகத்துக்குத்தான் போவேன் என்கிறாள். தேசியப் பட்டியலில் அது வெகு கீழே இருக்கிறது. "இங்கே இல்லாத எதை அங்கே போய்ப் படிக்கப்போகிறாய்?" என்று கேட்டீர்கள். "பனியைப் பற்றிப் படிக்கிறவள் பனி இருக்கிற இடத்தில்தானே அப்பா படிக்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டாள். மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் ஆலோசகராகப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இதே கேள்வியோடு என் அறைக்கு வந்த பெற்றோர் பலர். நம் தமிழ்க் குடும்பங்கள் அதில் நிறைய. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் மகள் சொன்ன பதிலில் பாதிதான் சரி. உங்கள் கவலையிலும் பாதிதான் சரி. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

தரவரிசையில் தொடங்குகிறேன். பெரும்பாலான பெற்றோர் மனதில் வைத்திருப்பது யூ.எஸ். நியூஸ் பத்திரிகை 1983 முதல் வெளியிட்டுவரும் பட்டியல். அதில் 20 சதவீத மதிப்பெண், மற்றக் கல்லூரிகளின் தலைவர்களும் உயர் நிர்வாகிகளும் ஒரு கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே போகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு வெறும் பெயர். 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகமே அந்தப் பட்டியலுக்குக் கொடுத்த விவரங்கள் சரியில்லை என்று எழுதினார். 2-ஆம் இடத்தில் இருந்த கொலம்பியா அடுத்த பட்டியலில் 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்த இடைவெளியில் அங்கே நல்ல ஆசிரியர்கள் யாரும் காணாமல் போய்விடவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவருக்கு எதுவும் மாறவும் இல்லை. 2023-இல் அந்தப் பத்திரிகை தன் கணக்கிடும் முறையையே மாற்றியது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்ற அளவுகோலை அப்போது எடுத்துவிட்டார்கள். பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பேன் நான்.

அதற்காகப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் இடம் கிடைப்பது கடினமான கல்லூரிக்குப் போனவர்களையும் அதை விட்டுவிட்டு எளிதில் இடம் கிடைக்கும் கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. திறமை மாணவரோடு போகிறது, கட்டடத்தோடு தங்கிவிடுவதில்லை. ஆனால் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கல்லூரியின் பெயர் உண்மையிலேயே உதவியது. 2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோர் ஹார்வர்டு, யேல் முதலான ஐவி லீக் கல்லூரிகளையும் அவற்றுக்கு இணையான சில கல்லூரிகளையும் ஆராய்ந்தபோதும் சராசரிச் சம்பளத்தில் பெரிய ஏற்றம் தெரியவில்லை. மிக உயர்ந்த 1 சதவீத வருமானக்காரர்களில் ஒருவராகும் வாய்ப்பும், புகழ்பெற்ற நிறுவனங்களில் நுழையும் வாய்ப்பும் கூடின. வால் ஸ்ட்ரீட் வேலைதான் உங்கள் மகளின் கனவு என்றால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். அவள் கனவு பனியாறு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டியல் மதிப்பெண் போடுவது முழுப் பல்கலைக்கழகத்துக்கு. உங்கள் மகள் வாழப்போவது ஒரு துறையில், ஒரு ஊரில், நான்கு குளிர்காலங்கள். ஃபேர்பேங்க்ஸை முழுப் பல்கலைக்கழகமாகப் பார்த்தால் அது சிறியது, பல துறைகளில் சாதாரணமானது. அதன் புவி இயற்பியல் நிறுவனத்தின் கதையோ வேறு. 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றி உருவாக்கிய நிறுவனம் அது. துருவ ஒளி, பனியாறு, எரிமலை, நிலநடுக்கம், ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம் ஆகியவற்றில் உலகெங்கும் மதிக்கப்படுகிற இடம். ஊருக்கு வடக்கே சுமார் 30 மைலில் போக்கர் ஃபிளாட் என்ற ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. அதைப் பல்கலைக்கழகமே நடத்துகிறது. உறைநிலத்தைப் பற்றிப் படிக்கிறவருக்கு அங்கே ஆய்வுக்கூடம் வாசற்படிக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் மகளுக்கு நான் நியாயம் செய்தவள் ஆக மாட்டேன். சான் டியாகோ வளாகத்தின் ஒரு பகுதிதான் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம். 1958-இல் சார்ல்ஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியது அங்கே வேலை பார்த்துக்கொண்டுதான். பருவநிலை மாற்றம் பற்றிய எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் அவர் பெயரிலுள்ள வளைகோடு கண்ணில் படும். அர்வைனில் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் 1974-இல் குளிர்பதன வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கின்றன என்று காட்டினார்கள். 1995-இல் நோபல் பரிசு வந்தது. பனியைப் பற்றிய படிப்பில் பாதி, கணினித் திரையிலும் வேதியியல் கூடத்திலும்தான் நடக்கிறது. அதற்கு உங்கள் ஊரைவிட நல்ல இடங்கள் குறைவு. "இங்கே ஒன்றும் இல்லை" என்று அவள் நினைத்துக்கொண்டு கிளம்பினால் அது தவறான காரணம்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இந்தப் பிள்ளை தேடும் சாகசம் படிப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பையன். கணினி அறிவியல். மலை மாநிலம் ஒன்றுக்குப் போனான், பனிச்சறுக்கு ஆசையில். முதல் பருவத்தில் அவன் அனுப்பிய படங்களைப் பார்த்து வீடே மகிழ்ந்தது. இரண்டாவது ஆண்டு பிப்ரவரியில் திரும்பி வந்துவிட்டான். மலை அப்படியே இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை அவன் உட்கார்ந்திருந்த அறைக்கும் அந்த மலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கணினி அறிவியலை அவன் எங்கே வேண்டுமானாலும் படித்திருக்கலாம். மாற்றலாகி எங்களிடம் வந்தபோது, அங்கே படித்த பாடங்களில் சிலவற்றை இங்கே ஏற்கவில்லை. கூடுதலாக ஒரு பருவம், கூடுதலாகப் பணம்.

இன்னொருத்தி. தரவரிசையைப் பார்த்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே மிகப் பெரிய வளாகம் ஒன்றில் சேர்ந்தாள். நானூறு பேர் உட்காரும் அரங்கில் வகுப்பு. கெட்டிக்காரி, நல்ல மதிப்பெண். வெள்ளிக்கிழமை மாலையானால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அழுக்குத் துணியோடு போய், திங்கள் காலை அம்மா கட்டிக்கொடுத்த சாதத்தோடு திரும்புவாள். நான்காம் ஆண்டில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. என் எதிரே உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முதல் விரலிலேயே நின்றுவிட்டாள். மூன்றரை ஆண்டுகளில் அவள் பெயரைத் தெரிந்த பேராசிரியர் ஒருவர்தான். அன்று அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

2014-இல் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேட்டுப் பார்த்தன. பிற்காலத்தில் வேலையில் ஈடுபாட்டோடும் மனநிறைவோடும் இருந்தவர்களைப் பிரித்துக் காட்டியது கல்லூரியின் பெயர் அல்ல. தன் மேல் அக்கறை காட்டிய ஆசிரியர்கள், படிப்பில் ஆசையை மூட்டிய ஒரு ஆசிரியர், கனவைத் தொடர ஊக்கம் கொடுத்த ஒரு வழிகாட்டி, இவை மூன்றும் கிடைத்ததா என்பதுதான். மூன்றும் கிடைத்ததாக உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம் பேர் மட்டுமே. அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து ஆலோசனை கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் "அங்கே உன் பெயர் யாருக்குத் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஒரு ஜனவரியில் வேலையாக ஃபேர்பேங்க்ஸுக்குப் போயிருந்தேன். கண்ணில் முதலில் பட்டது, கார்களின் முகப்பில் நாக்கு நீட்டியதுபோல் தொங்கும் மின்கம்பிகள். வண்டியை நிறுத்தும் இடங்களில் மின்செருகிகள் இருக்கின்றன. எஞ்சினை மின்சாரத்தில் சூடாக வைத்திருக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. மூச்சு விட்டால் இமை மயிரில் வெண்பனி ஒட்டுகிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் நான்கு மணி நேரம்கூட வானத்தில் நிற்பதில்லை. வளாகத்தில் வெப்பநிலையைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. அது பூஜ்யத்துக்குக் கீழே 40 என்று காட்டும் நாளில் மாணவர்கள் நீச்சலுடையில் ஓடிவந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். (அந்த 40-இல் ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒன்றாகிவிடுகின்றன, எந்த அளவில் சொன்னாலும் குளிர் அதேதான்.)

ஊருக்கு வெளியே ராணுவப் பொறியாளர்கள் உறைநிலத்துக்குள் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் பழைய மண்ணும் மாட்டுத் தொழுவமும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உறைந்துபோன புல்லும் வேரும் காற்றுப் பட்டு எழுப்புகிற வாடை அது. எங்களோடு வந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மேற்கூரையிலிருந்து நூல்போல் தொங்கிய ஒரு வேரைத் தொடாமல், விரலை ஒரு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டே பேசினாள். இது யானைபோன்ற மாமத விலங்குகள் நடமாடிய காலத்துப் புல் என்றாள். அவள் அரிசோனாவிலிருந்து வந்தவள், பாலைவனத்துப் பிள்ளை. முதல் நவம்பரில் தினமும் அழுததாகச் சொன்னாள். இரண்டாவது நவம்பரில் அழவில்லை என்றாள். அவள் பேராசிரியர் பக்கத்தில் நின்று, ஒரு இடத்தில் அவளைத் திருத்தினார், ஒரு இடத்தில் அவளிடமே சந்தேகம் கேட்டார். சாகசம் படிப்புக்கு உள்ளே இருப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

பணத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவாசிகளுக்கு உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2024-25-இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான கல்விக் கட்டணம் ஏறத்தாழ 14,400 டாலர். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டுகிறது. மகள் வீட்டிலிருந்தே போய் வந்தால் வெகுவாகக் குறையும். வெளிமாநிலம் என்றாலே மும்மடங்கு என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் மேற்கு மாநிலங்களுக்கு இடையே வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் சேர்ந்த அரசுக் கல்லூரிகள், மற்ற மேற்கு மாநிலத்து மாணவர்களிடம் தங்கள் மாநில மாணவர் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அலாஸ்காவும் அதில் இருக்கிறது, கலிஃபோர்னியாவும் இருக்கிறது. அந்தச் சலுகை மகளின் பாடத்துக்குப் பொருந்துமா, தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், பாடம் மாறினால் பறிபோகுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். கலிஃபோர்னியா அரசின் கால் கிராண்ட் உதவித்தொகை மாநிலத்துக்கு வெளியே செல்லாது. உங்களுக்கு அது கிடைத்திருந்தால் கணக்கில் கழித்துவிடுங்கள். சியாட்டிலில் மாறிப் போகும் விமானம் ஆண்டுக்கு இரண்டு முறை, குளிர்கால உடை, இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். கடன் வாங்கித்தான் அலாஸ்கா, கடன் இல்லாமல் சான் டியாகோ என்று வந்தால், சான் டியாகோதான். அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

உங்கள் விசா நிலையை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். பெற்றோர் எச்-1பி வேலை விசாவிலும், பிள்ளை அவர்களைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருந்தால் மத்திய அரசின் மாணவர் நிதியுதவி கிடைக்காது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். படிப்பின் நடுவில் அந்தப் பிறந்தநாள் வரும்போது எந்தக் கட்டணம் வாங்குவார்கள் என்று இரண்டு வளாகங்களிலும் இப்போதே கேளுங்கள். கேட்காமல் விட்டு மூன்றாம் ஆண்டில் திண்டாடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கவலையில் நான் முழுமையாக ஒத்துக்கொள்கிற பகுதி ஒன்று இருக்கிறது. சான் டியாகோவில் சேருகிற நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். ஃபேர்பேங்க்ஸில் அது பாதியைக்கூட எட்டுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும், சிற்றூர்களிலிருந்து வருகிறவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி வருகிறவர்கள் பலர். அந்த எண்ணை அப்படியே உங்கள் மகள் தலையில் எழுதிவிட முடியாது. ஆனாலும் கூடப் படிப்பவர்களின் வேகம் பிள்ளையைப் பாதிக்கும். ஒருவர் ஒருவராகத் தோழிகள் விலகிப் போகும் விடுதியில் தான் மட்டும் தங்கிப் படிப்பதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். அது மகளிடம் இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். எடுத்த காரியத்தை, யாரும் பார்க்காதபோதும் முடிக்கிறவளா அவள்?

நடுவழியும் இருக்கிறது. ஜூனோ பனிப்புல ஆய்வுத் திட்டம் என்று ஒன்று 1940-களிலிருந்து நடந்துவருகிறது. கோடையில் மாணவர்கள் அலாஸ்காவின் ஜூனோவிலிருந்து கனடாவின் அட்லின் வரை பனிச்சறுக்குப் பலகையில் பனிப்பரப்பைக் கடந்துகொண்டே பாடம் படிக்கிறார்கள். எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். தேசிய அறிவியல் அறக்கட்டளை இளங்கலை மாணவர்களுக்குச் சம்பளத்தோடு கோடைக்கால ஆய்வு வாய்ப்புகள் தருகிறது. சான் டியாகோவில் சேர்ந்து, இரண்டு கோடைகளை வடக்கே கழித்து, முதுகலைக்கு ஃபேர்பேங்க்ஸ் போகலாம். பனியாற்று ஆய்வாளர் ஆவதற்கு எப்படியும் முதுகலையோ முனைவர் பட்டமோ தேவைப்படும், அதனால் இது தோற்றுப்போன வழி அல்ல. மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்தால் அவளுக்கு வேண்டியது பனி; எங்கிருந்து போனாலும் சரி. முகம் சுருங்கினால் அவளுக்கு வேண்டியது வீட்டிலிருந்து 2,500 மைல் தள்ளி நிற்பது. அதையும் தவறு என்று நினைக்காதீர்கள், பதினெட்டு வயதில் அது நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு அலாஸ்காதான் வேண்டும் என்பதில்லை.

என் சாய்வு ஃபேர்பேங்க்ஸ் பக்கம். அவள் கேட்பது ஒரு ஊரின் அழகை அல்ல, ஒரு வேலையை. அந்த வேலை நடக்கிற இடம் அது. இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வு உதவித்தொகைக்கு அங்கே தனி அலுவலகமே இருக்கிறது. துறையும் சிறியது, முதல் ஆண்டிலேயே பேராசிரியர் கதவைத் தட்ட முடியும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் மூன்று தொலைபேசி அழைப்புகளை மகளே செய்ய வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது.

முதலாவது, உறைநிலத்தில் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவருக்கு: முதல் ஆண்டு மாணவிக்கு உங்கள் குழுவில் என்ன வேலை கொடுப்பீர்கள்? அவர் திட்டவட்டமாக ஏதாவது சொல்கிறாரா, "வா, பார்க்கலாம்" என்று நழுவுகிறாரா என்று கேட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது, வெப்பமான மாநிலத்திலிருந்து வந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு: நவம்பர் எப்படி இருந்தது, தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு விடுதியில் யார் யார் இருந்தீர்கள்? நான்கு நாள் விடுமுறைக்கு அவளால் வீட்டுக்கு வந்து போக முடியாது. அந்த நான்கு நாட்கள் எப்படிப் போகும் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஏப்ரலில் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அப்போது பகல் நீண்டு, பனி மின்னி, ஊர் மிக அழகாக இருக்கும். மூன்றாவது அழைப்பு சான் டியாகோவுக்கு, அதே கேள்விகளோடு. ஸ்கிரிப்ஸில் ஒரு பேராசிரியர் அவளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிப் பேசிவிட்டால் என் சாய்வை நானே மாற்றிக்கொள்வேன்.

ஃபேர்பேங்க்ஸ் என்று முடிவானால் ஒரு விஷயம். பயத்தில் சான் டியாகோ கடைகளில் கிடைக்கிற குளிர் உடுப்பையெல்லாம் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். ஆகஸ்டு கடைசியில் அங்கே ஒரு சாதாரண ஸ்வெட்டர் போதும். பூட்ஸும் பெரிய கோட்டும் அங்கேயே, அந்த ஊர்க் கடையில், முதல் குளிர்காலத்தைத் தாண்டிய ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கட்டும். அதற்கான பணத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.